கடைப் பரிசும் கைப் பரிசும்

மே திங்கள் 16ஆம் நாள் மலேசியாவில் ஆசிரியர் தினம். அன்று ஆசிரியர் மேசைகளின் மேல் குவியும் பொருள்களைச் சற்றே நோக்குங்கள். பீங்கான் குவளை, பிளாஸ்டிக் மலர், ஆங்கில வாழ்த்துப் பொறித்த சட்டம்! அவற்றுள் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை. மாணவனின் கை பட்டது, மேலே சுற்றிய வண்ணத்தாளில் மட்டுமே. இதற்குத்தான் நாம் நன்றி எனப் பெயரிட்டிருக்கிறோம்.

இவ்வழக்கம் மாற வேண்டும். மாணவன் ஒரு துண்டுப் பலகையை எடுத்துத் தேய்த்து, ஆசிரியரின் பெயரையோ 'நல்வரவு' என்னும் சொல்லையோ தமிழில் தன் கையாலேயே பொறித்துத் தரட்டும்.

"இதற்குப் பொருள் எங்கே?" என்பர் சிலர். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பால் வெட்டிய ரப்பர் மரத்தை மறந்தோமா? இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்படும் அம்மரம், ஒரு காலத்தில் விறகாகவே எரிந்தது. இன்றோ அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது. மருந்தூட்டாத ரப்பர்ப் பலகையில் பூஞ்சையும் வண்டும் எளிதில் பற்றும். ஆதலால் தளவாடப் பட்டறையில் மிஞ்சும் பதப்படுத்திய துண்டுகளைக் கேட்டுப் பெறுக. மழை படாத உட்சுவரில் மாட்டுக. சரக்குப் பெட்டிப் பலகையாயின், வெப்பமூட்டியதைக் குறிக்கும் 'எச்.டி.' முத்திரை உள்ளதையே கொள்க; 'எம்.பி.' என்றிருப்பின் அது நச்சுப்புகை ஊட்டிய பலகை, தொடாதீர். வேறென்ன வேண்டும்? உப்புத்தாள், பென்சில், சிற்றுளி, தூரிகை, சிறிது வார்னிஷ், அவ்வளவே!

"இயந்திரம் இதனினும் அழகாகச் செய்யுமே!" என்பர் வேறு சிலர். அவர்களுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்வேன். பிரிவுபசார விழா ஒன்றில் எனக்கு இயந்திரம் பொறித்த பலகை ஒன்றைப் பரிசளித்தனர். 'போற்றுகிறோம்' என்னும் சொல்லில், எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. மெய்யெழுத்தின் புள்ளியோ, தன் எழுத்தைத் துறந்து வெற்று வட்டமொன்றின் மேல் அமர்ந்திருந்தது! பொறித்தவருக்குத் தமிழ் தெரியாது, அவரை நோவதற்கில்லை. தமிழ் தெரிந்து பணம் கொடுத்தவர்கள் பார்க்கவில்லையே! அதைச் சுவரில் மாட்டவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

கையால் செதுக்குபவனுக்கு இந்த இழிவு நேராது. ஒவ்வோர் எழுத்தையும் அவன் முதலில் வரைந்து பார்த்தாக வேண்டும். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி என்று வகுப்பில் நூறு முறை சொல்லியும் பிழை விடும் மாணவன், மூன்றாம் சுழியை உளியால் ஒருமுறை செதுக்கட்டும். பிறகு அவன் கையே அதை மறவாது. நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால் நம் எழுத்துகள் வளைந்தன என்பர். மரத்திலோ, இழையோட்டத்தின் குறுக்கே வளைவை எடுக்கும்போதுதான் உளி தடுமாறும். அத்தடுமாற்றத்தில் எழுத்தின் வடிவம் மனத்தில் ஊன்றும்.

ஓர் அச்சம் நியாயமானது: உளி கையைக் கிழிக்கும். ஆகவே தொடக்கப்பள்ளிச் சிறார் தூரிகையால் எழுதட்டும். இடைநிலைப்பள்ளி மாணவர் செதுக்கட்டும். பலகையை மேசையில் இறுகப் பிணித்து, இரு கைகளும் உளிமுனைக்குப் பின்னே இருக்க, ஆசிரியரின் கண்பார்வையில்.

பலகையின் ஓரம் கோணலாயின் குறையில்லை; முடிச்சும் பிளவும் மரத்தின் இயல்பு. உளி தவறலாம், எழுத்துத் தவறலாகாது.

ஆசிரியப் பெருமக்களே! ஏப்ரல் திங்களிலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கடைப் பரிசு வேண்டா, உன் கையால் எழுதிய தமிழ்ப் பலகை ஒன்று போதும்." கேட்கத் தயங்குவது பெருந்தன்மை ஆகாது. அதுவும் நீங்கள் கற்பிக்க வேண்டிய பாடமே.