கொட்டகையில் தூங்கும் திறந்த கார் - வாங்கலாமா?

தஞ்சை வட்டாரத்தில் பழைய மிராசுதார் வீடுகள் சிலவற்றில் இன்றும் வண்டிக் கொட்டகை உண்டு. ஒரு காலத்தில் அங்கே வில்வண்டி நின்றது. பிறகு மோட்டார் கார் வந்து நின்றது. அந்தக் கார்களில் சில, ஓட்டம் நின்று பல ஆண்டுகள் ஆகியும், இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

அவற்றில் அதிகக் கிராக்கி உள்ளது, கூரையை மடக்கித் திறந்து விடும் கார். மாப்பிள்ளை அழைப்பு என்றால் திறந்த கார். தேர்தலில் தலைவர் வந்தால் திறந்த கார். தஞ்சைக்காரர்களின் மனத்தில் அந்தக் காருக்குத் தனி இடம் உண்டு.

இப்போது அப்படிப்பட்ட காரை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வெளிநாடு சென்று சம்பாதித்துத் திரும்பியவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கடை வைத்திருப்பவர் என்று பலரும் விலை கேட்கிறார்கள்.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அதற்கு முன் நாலு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் வாங்கினால் சேமிப்பு கரையும், காரும் ஓடாது.

கார்கள் கொட்டகைக்குள் போனது ஏன்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் கார்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. பம்பாயில் 1928ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்களை ஒன்று சேர்க்கும் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்த நாளில் திறந்த கார்கள் சாதாரணம். சின்ன ஆஸ்டின், மோரிஸ் கார்களிலும் துணிக்கூரை வண்டிகள் இருந்தன.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நிலைமை மாறியது. உள்நாட்டிலேயே கார் செய்ய வேண்டும் என்பது சர்க்காரின் கொள்கை. உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953இல் டாரிப் கமிஷன் சிபாரிசு செய்தது. அதை அடுத்து ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு கம்பெனிகள் வெளியேறின. வெளிநாட்டுக் கார் வருவது அநேகமாக நின்றது. இருந்த கார்களுக்கு உதிரிச் சாமான் கிடைப்பது கடினமாகியது.

தமிழ்நாட்டிலேயே கார் செய்த கம்பெனி ஒன்றும் உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. கம்பெனி தொடங்கிய ஆண்டு 1948. அங்கே 1961 முதல் 1971 வரை "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் உற்பத்தியானது. 948 சி.சி. என்ஜின். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் தம்பி என்று சொல்லலாம். கடைசியாக "ஸ்டாண்டர்டு 2000" காரை 1985இல் கொண்டுவந்தது. அது எடுபடவில்லை. சில ஆண்டுகளில் கார் உற்பத்தி நின்றது.

தஞ்சையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. பெரிய பண்ணைகள் சுருங்கின. பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். 1983இன் கடைசியில் மாருதி வந்தது. பெட்ரோல் அதிகம் குடிக்கும் பழைய காரை யார் ஓட்டுவார்கள்? விற்கவும் மனமில்லை. கொட்டகையில் நிறுத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"15 வருஷம் ஆன காரை ஓட்டக்கூடாதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துப் பேச்சு. 10 ஆண்டு ஆன டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு ஆன பெட்ரோல் வண்டிக்கும் அங்கே விதித்த தடையை 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அந்தத் தடை கிடையாது. இங்கே 15 ஆண்டு ஆனதும் காரைச் சோதனைக்குக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். பிறகு மறுபடியும் சோதனை.

50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மத்திய சர்க்கார் 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் தனி விதி கொண்டுவந்தது. அவற்றுக்கு "விண்டேஜ்" வண்டி என்று பெயர். முதல் பதிவு நடந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். பிறகு மறு பதிவுக்கு 5,000 ரூபாய். புது நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். வண்டலூரில் செய்த கடைசி ஹெரால்டுக்கும் 2021இல் 50 வயது ஆகிவிட்டது. ஆகவே எல்லா ஹெரால்டும் இந்த வரிசையில் வரும்.

இதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு: விண்டேஜ் பதிவு பெற்ற காரைத் தினந்தோறும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகிய காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் வரலாம். வாடகைக்கு விடக்கூடாது. "கல்யாணத்துக்கு விட்டுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம்" என்று நினைத்து வாங்குகிறவருக்கு இது பேரிடி. பணம் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்பினால் அது வியாபாரம். விதி அதற்கு இடம் தரவில்லை.

இரண்டாவது முடிச்சு: கார் பிறந்த உருவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் திறந்த காரில் ஏமாற்றம் வரும். வண்டலூரில் இருந்து வந்த ஹெரால்டுகள் பெரும்பாலும் கூரை மூடிய கார்கள். ஆனால் அதன் அமைப்பு விசித்திரமானது. சேஸிஸ் தனி, பாடி தனி. கூரையை போல்ட்டு போட்டுப் பொருத்தியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் கூரை கையோடு வரும்! ஆகவே கூரையை எடுத்துத் துணி போட்டு, "திறந்த கார்" ஆக்குவது சுலபம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிறந்த உருவம் அது அல்ல. விண்டேஜ் பதிவுக்கான பரிசோதனைக் குழு அதைக் கேள்வி கேட்கும். வாங்கும் முன், ஆர்.சி. புத்தகத்தில் பாடியின் வகை என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எது லாபம்?

பழைய காரைச் சாதாரணக் காராகவே வைத்துக்கொண்டால் என்ன? கணக்குப் பார்ப்போம். 2025 ஆகஸ்டு மாதம் வந்த விதிப்படி, 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். 5 ஆண்டுக்கு 10,000 என்றால், ஆண்டுக்கு 2,000. விண்டேஜ் பதிவு 10 ஆண்டுக்கு 20,000. அதுவும் ஆண்டுக்கு 2,000 தான். இரண்டும் சமம்.

ஆனால் இறக்குமதிக் கார் என்று பதிவாகியிருந்தால் கதை வேறு. அதைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 16,000. அத்தகைய காருக்கு விண்டேஜ் பதிவுதான் மலிவு.

ஆகவே உள்நாட்டுக் காரை ஓட்டி மகிழ விரும்புகிறவருக்குச் சாதாரணப் பதிவு நல்லது. இறக்குமதிக் காரை வைத்துக் காக்க விரும்புகிறவருக்கு விண்டேஜ் பதிவு நல்லது. எது வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடுவது யார்?

கொட்டகைக் கார் பெரும்பாலும் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா காலமாகியிருப்பார். விற்க வருகிறவர் பேரன். அவர் ஒருவர் மட்டும் காசு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் போதாது. வாரிசுச் சான்று வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். முதலில் 31ஆம் நம்பர் படிவம் கொடுத்து, காரை வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 நம்பர் படிவங்கள் கொடுத்து, வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற முடியும்.

புத்தகம் தொலைந்திருந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, நகல் வாங்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

சாவியைத் திருப்பாதீர்கள்!

பல ஆண்டு நின்ற காரைக் கண்டதும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அது தவறு. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவேறி ஒட்டியிருக்கலாம். பலாத்காரமாகச் சுற்றினால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நம்பிக்கை உண்டு.

டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும். அதை வடித்து, டாங்கைக் கழுவ வேண்டும். பிரேக்கின் ரப்பர்களை எல்லாம் மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு பிடிக்கும். டயரில் பூ தேயாமல் இருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தால் உதவாது.

காவிரிப் படுகையில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையும் நாகைப் பக்கத்து உப்புக் காற்றும் இரும்பைத் தின்னும். இன்னொன்று எலி. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. கார் ஒயரையும் துணிக்கூரையையும் அது விடாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் கூரை இழந்த கொட்டகைகள் ஏராளம். அப்படி நனைந்த காரா என்று விசாரிப்பது நல்லது.

திறந்த காருக்குக் கீழ்ப்பக்கம்தான் உயிர். மூடிய காரில் கூரையும் சேர்ந்து பாடியைப் பிடித்திருக்கும். திறந்த காரில் அந்தப் பிடிப்பு இல்லை. எல்லாப் பாரமும் அடிச்சட்டத்தின் மேல். ஆகவே கதவுக்குக் கீழே உள்ள பகுதியைத் தட்டிப் பார்க்க வேண்டும். கதவு இடிக்காமல் மூடுகிறதா, இடைவெளி மேலும் கீழும் சமமா என்று பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தை எடுத்துப் பாடியில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. பட்டி பூசி, மேலே பெயிண்டு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அரிசியிலிருந்து வந்த தொல்லை

இப்போது பெட்ரோலில் 100க்கு 20 பங்கு எத்தனால் கலக்கிறார்கள். 2025இல் நாடு இந்த அளவை எட்டியது. எத்தனால் என்பது ஒருவகைச் சாராயம். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள். உணவுக் கழகத்துக் கிடங்கில் மிஞ்சிய அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். நெல் விளைவிக்கும் நாட்டுக்கு இது ஒரு புது வியாபாரம்.

ஆனால் பழைய காருக்கு இது ஒத்துக்கொள்ளாது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோலைப் போட்டு நிறுத்தி வைத்தால், நீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், துரு பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் போட வேண்டும். ஓட்டாத மாதங்களில் டாங்கைக் காலியாக வைக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

முதல் தடவை வாங்குகிறவர், உதிரிச் சாமான் கிடைக்கும் காராகப் பார்ப்பது புத்திசாலித்தனம். டிரையம்ப் ஹெரால்டின் சாமான்கள் பல இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்பனையாகின்றன. அபூர்வமான காருக்கு ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாங்கும் முன், நன்றாகப் பாதுகாக்கப்பட்ட கார் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்ப்பது நல்லது. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது. சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023இல் திறந்த மியூசியத்திலும் பழைய கார்கள் உள்ளன. பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

கடைசியாகப் பணம். காரின் விலை முதல் செலவுதான். துணிக்கூரை, டயர், பிரேக், ஒயர், டிங்கர் வேலை எல்லாம் பிறகு வரும். பழுது பார்க்கும் செலவு வாங்கிய விலையைத் தாண்டுவது அபூர்வம் அல்ல. கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், கார் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குத்தான் போகும்.

ஆகவே முதலில் காகிதம் பார்க்க வேண்டும். இரண்டாவதாக அடிச்சட்டம். மூன்றாவதாக என்ஜின். அதன் பிறகே விலை பேச வேண்டும். முன்பணம் கொடுப்பதானாலும், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுப்பதே நல்லது.