வழிகாட்டி காட்டாத வழி

பேருந்தில் போகிறவன் நாட்டைப் பார்ப்பதில்லை. துவிச்சக்கரவண்டியில் போகிறவனே அதன் ஆன்மாவைக் காண்கிறான் என்றொரு நம்பிக்கை வெளிநாட்டுப் பயணிகளிடையே வேரூன்றியிருக்கிறது. வழிகாட்டியுடன் சைக்கிள் சுற்றுலா நடத்துவோர் விற்பதும் இதைத்தான். இதைவிட வசதியான பொய் வேறில்லை என்பேன்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். ஹொய் ஆனை அடுத்த காய்கறிக் கிராமங்களிலும் ஹுவேயைச் சூழ்ந்த வயல்வெளிகளிலும் அப்படியொரு குழுவோடு நானும் மிதித்திருக்கிறேன். 496 மீற்றர் உயரமான ஹை வான் கணவாயிலும் ஏறினேன். 2005இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்த பிறகு வாகனங்களில் பெரும்பகுதி அவ்வழியே போய்விட, கணவாய்ப் பாதை எங்களைப் போன்றோருக்கு வாய்த்தது. களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வான் வந்தது. காற்று முகத்தில் பட்டது, மண் மணத்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கே நிற்பது, எதைக் கேட்பது என்பதை முன்னரே ஒருவர் தீர்மானித்திருந்தார்.

1968இல் ஹுவே கோட்டை அமெரிக்கக் குண்டுகளால் சிதைந்ததை எங்கள் வழிகாட்டி விரிவாகச் சொன்னார். அது உண்மை. அதே வாரங்களில் நகரைப் பிடித்து வைத்திருந்த கம்யூனிசப் படைகள் பொதுமக்களைக் கொன்று புதைத்தனவே, அதுவும் உண்மை. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. குவாங் திரியில் வென்றவர்களின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் பேணப்படுகின்றன. தோற்ற தென்வியட்நாமியரின் பியன் ஹோவா இராணுவ மயானமோ 2006 வரை இராணுவ வலயத்துள் அடைபட்டுக் கிடந்தது. அதன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

வழிகாட்டியை நான் குறை கூறவில்லை. அரசு தரும் அனுமதிப்பத்திரமே அவருக்குச் சோறு. என் கோபம், 'ஆன்மாவைக் கண்டேன்' என்று ஊர் திரும்பிச் சொல்கிற பயணியின் மீதுதான்.

உல்லாசத்துக்கு வந்தவனிடம் புதைகுழிக் கணக்கு எதற்கு என்பார்கள். உல்லாசமென்றால் உல்லாசமென்றே சொல்லட்டும். நாட்டை அறிந்ததாகச் சொல்லவேண்டாம். 1954இல் டியன் பியன் பூவுக்கு, கைபிடியில் மூங்கில் கட்டி, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமையுடன் சைக்கிள்களைத் தள்ளிச் சென்றவர்களே பிரெஞ்சுப் படையைத் தோற்கடிக்க உதவினார்கள். அவர்களுக்கு அது உல்லாச வண்டியல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நமக்கு இது அயல்நாட்டுக் கதையுமல்ல. 2009க்குப் பின் வன்னிக்குப் பேருந்து பேருந்தாக வந்தவர்கள் வென்றவர்களின் நினைவுத்தூபிகளைப் பார்த்துப் போனார்கள். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட துயிலும் இல்லங்கள் இருந்த இடத்தை அவர்களுக்கு யார் காட்டினார்கள்? நாளை அவர்கள் சைக்கிளில் வந்தாலும் காட்டப்படுவது அதுவாகவே இருக்கும். நம் மண்ணில் நாம் ஒப்பாத ஒரு மௌனத்தை இன்னொருவர் மண்ணில் ரசிக்க நமக்கு உரிமையில்லை.

பயணம் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. மொழி அறியாதவனுக்கு வழிகாட்டியும் வேண்டும். வாய்திறக்க முடியாத அவரை நெருக்காதீர்கள், புறப்படுமுன் வாசியுங்கள். வடக்குப் படையில் போரிட்ட பாவோ நின்னையும், 1975இல் அகதிக் குழந்தையாக வெளியேறிய வியட் தான் நுயெனையும் வாசித்தால், பாதையோரத்து மௌனங்கள் எவையென்று தெரியும். சைக்கிள் மெதுவாகப் போகிறது என்பதற்காக உண்மை தானாக வந்து ஏறிக்கொள்ளாது.