ஒரு புள்ளியில் போன ஆட்டம்

இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தை ரசிகன் அன்று இரவே மறந்துவிடுகிறான். எதிர்க் கோஷ்டி பலமானது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். ஒரே ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம்தான் அவனைத் தூங்க விடுவதில்லை.

திருச்சிக் கல்லூரி மைதானங்களில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில் மணப்பாறையிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் வாலிபர் கூட்டம் ஒன்று போய்ச் சேரும். தங்கள் கல்லூரி ஆடுகிறது என்பதற்காகச் சிலர். தங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கோஷ்டியில் இருக்கிறான் என்பதற்காகப் பலர். ஆட்டம் முடிந்து திண்டுக்கல் சாலையில் ஊர் திரும்பும் பஸ்ஸில் இவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். ஜெயித்த அன்று பாட்டும் கூச்சலுமாகக் கண்டக்டரின் பொறுமையைச் சோதிப்பார்கள். ஒரு புள்ளியில் தோற்ற அன்றோ, ராம்ஜி நகர் தாண்டும் வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்புறம் ஒருவன் ஆரம்பிப்பான்.

"அந்தக் கடைசி ஃப்ரீ த்ரோவை மட்டும் போட்டிருந்தான்னா, மாப்ளே..."

"அதுக்கு முன்னாடியே விசில் ஊதியிருக்கணும்டா. கையிலேதானே அடிச்சான்? ஊரே பார்த்தது, நடுவர் பார்க்கலையா?"

"கோச்சு டைம் அவுட் எடுத்திருக்கலாம்."

மணப்பாறை வந்து சேருவதற்குள் அந்த ஆட்டம் மூன்று தடவை திரும்ப ஆடப்பட்டு, மூன்று தடவையும் நம்மவர்களே ஜெயித்திருப்பார்கள்!

மணப்பாறைக்காரர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. ஊரின் மாட்டுச் சந்தையை அறிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் கூட்டத் தயங்கிய விவசாயியின் கண் முன்னாலேயே அந்த நல்ல காளையை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். வாங்கவே முடியாத விலை சொன்ன மாட்டைப் பற்றி அவர் வருத்தப்படுவதில்லை. கைக்கு எட்டி நழுவிப் போனதைத்தான் அடுத்த சந்தை வரையில் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் திட்டுவது தரகரை. மாட்டை யாரும் திட்டுவதில்லை. கூடைப்பந்து ரசிகனின் கோபமோ நேராக ஆட்டக்காரன் மேல் போய் விழுகிறது.

அந்த ஆட்டக்காரன் யார்? பத்தொன்பது வயதுப் பையன். பல சமயம் அவனும் அதே பஸ்ஸில்தான் வருகிறான். பின் வரிசையில் ஜன்னலோரமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருக்கிறான். முன்னால் பேசுவது ஒவ்வொன்றும் அவன் காதில் விழுகிறது. பேசுகிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் குரலைத் தாழ்த்துவதில்லை என்பதுதான் வெட்கத்துக்குரிய விஷயம்.

அவன்தான் தோற்கடித்தானா என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஆட்டம் 40 நிமிஷம். பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதிகள். முதல் பகுதியில் ஒருவன் கூடைக்கு நேர் அடியில் நின்று சுலபமான பந்தைத் தவறவிட்டிருப்பான். அப்போது கூட்டம் உச்சுக் கொட்டிவிட்டு மறந்துபோனது. அதன் விலை 2 புள்ளி. இரண்டாவது பகுதியில் எதிரியை ஓடிப்போய் மறிக்கச் சோம்பி ஒருவன் நின்றுவிட்டான். தூரத்திலிருந்து எறிந்த பந்து விழுந்தது. அது 3 புள்ளி. கடைசி விநாடியில் தவறிய ஃப்ரீ த்ரோவின் விலை 1 புள்ளிதான். காலையில் பத்து ரூபாயைத் தொலைத்தவன் சாயங்காலம் விழுந்த ஒரு ரூபாயைத் தேடி அழுவது போல இருக்கிறது இது. கடைசியில் விழுந்தது எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான்.

ஃப்ரீ த்ரோ என்பது பார்வைக்குச் சுலபம். குறுக்கே மறிப்பவர் யாரும் இல்லை. பலகைக்கு 15 அடி தள்ளிக் கோட்டில் நின்று, நிதானமாகக் குறி பார்த்து எறிய வேண்டும். ஆனால் கூடைப்பந்தே மூச்சாக வாழும் அமெரிக்கக் கல்லூரிகளிலும், பொதுவாக நூற்றுக்கு எழுபது அளவில்தான் அது விழுகிறது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களும் பத்தில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மூச்சு வாங்க, முழங்கால் நடுங்க, காதடைக்கும் கூச்சலில் நிற்கும் பையனிடம் நாம் அதைவிட அதிகமாகக் கேட்கிறோம்.

இந்தப் பழி நம்மூர்ப் பையன்களோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில், 1993 ஏப்ரல் 5-ந் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிச்சிகன் சர்வகலாசாலையும் வட கரோலினா சர்வகலாசாலையும் இறுதி ஆட்டத்தில் மோதின. 11 விநாடிகள் பாக்கி. மிச்சிகன் 71, வட கரோலினா 73. பந்து மிச்சிகனின் நட்சத்திர ஆட்டக்காரர் கிறிஸ் வெப்பர் கையில். இரண்டு பேர் அவரை மூலையில் மடக்கிவிட்டார்கள். வெப்பர் டைம் அவுட் கேட்டார். மிச்சிகனுக்கு டைம் அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை! இல்லாததைக் கேட்டது விதிப்படி குற்றம். ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரிக்குப் போயின. ஆட்டம் 77-71 என்று முடிந்தது.

வெப்பருக்கு அப்போது வயது 20. அன்றைய ஆட்டத்தில் 23 புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 11 தடவை பிடித்தவரும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் கடைசி 11 விநாடியில் ஜெயிக்கலாம் என்ற நிலைமையே வந்திராது. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? டைம் அவுட் என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்நாளைய ஜனாதிபதி கிளின்டன் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார் என்றால், பையன் மேல் விழுந்த சுமை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். வெப்பர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் பல ஆண்டுகள் புகழோடு ஆடினார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயரால் விளங்கும் பெருமை மண்டபத்தில் 2021-ல் அவர் பெயர் சேர்ந்தது. 28 வருஷங்கள் கழித்து!

இதற்கு நேர் மாறான ஒரு தோல்வியும் உண்டு. இண்டியானாபோலிஸ் நகரத்துச் சிறிய சர்வகலாசாலை பட்லர். அது இறுதி ஆட்டத்துக்கு வரும் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. 2010 ஏப்ரல் 5-ந் தேதி, அதே ஊரில், எழுபதாயிரம் பேருக்கு முன்னால், பலம் பொருந்திய டியூக் சர்வகலாசாலையை அது எதிர்த்து நின்றது. கடைசியில் 61-59. இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில் பட்லரின் கார்டன் ஹேவர்டு, மைதானத்தின் பாதிக் கோட்டின் அருகிலிருந்து பந்தை எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது. விழுந்திருந்தால் 3 புள்ளி, கோப்பை பட்லருக்கு. பந்து பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, வெளியே விழுந்தது. கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசும்போது, விழாத அந்தப் பந்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள். ஹேவர்டை யாரும் தூற்றவில்லை. வெப்பருக்குக் கிடைக்காத தயவு ஹேவர்டுக்கு மட்டும் ஏன்? சின்னக் கல்லூரியிடம் ரசிகர்கள் வெற்றியைக் கடனாக எதிர்பார்க்கவில்லை. பெரிய பெயர் பெற்ற மிச்சிகனிடம் எதிர்பார்த்தார்கள். அதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

நடுவரைக் குறை சொல்வது எப்போதும் தவறுதானா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. 1972 மூனிச் ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டம் இருக்கிறதே! ஒலிம்பிக்ஸில் அதுவரை 63 ஆட்டங்களில் தோல்வியே அறியாத அமெரிக்காவுக்காக அன்று ஆடியவர்கள் கல்லூரி வாலிபர்கள். 3 விநாடி இருக்கையில் 50-49 என்று முன்னேறினார்கள். அந்த மூன்று விநாடிகள் மூன்று தடவை ஆடப்பட்டன. மூன்றாவது தடவையில் சோவியத் வீரர் அலெக்சாந்தர் பெலோவ் பந்தைக் கூடையில் போட்டு 51-50 என்று வென்றார். அமெரிக்கா செய்த அப்பீலை ஐவர் குழு 3-2 என்று தள்ளியது. அமெரிக்க வாலிபர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான கென்னி டேவிஸ், தம் மனைவி மக்களும் அதை வாங்கக் கூடாது என்று உயிலிலேயே எழுதி வைத்தார். அநியாயம் நடந்தது என்று நம்புகிறவர்கள் முறைப்படி அப்பீல் செய்வது சரி. அதற்கென்று மேஜையும் காகிதமும் இருக்கின்றன. பஸ்ஸின் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் அதற்கு இடமல்ல.

ரசிகர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை. கிரிக்கெட்டானாலும் சென்னை சேப்பாக்கத்தின் உதாரணம் போதும். 1999 ஜனவரி 31-ந் தேதி. 1987-க்குப் பிறகு முதன்முறையாகப் பாகிஸ்தான் கோஷ்டி இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. வரக் கூடாது என்ற மிரட்டல்கள் ஒரு பக்கம். டில்லி மைதானத்து ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில், ஜெயிக்க 271 ஓட்டங்கள் வேண்டிய இந்தியா 82-க்கு 5 விக்கெட் இழந்தது. டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று 136 எடுத்தார். மோங்கியா 52. இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியபோது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து டெண்டுல்கர் அவுட்டானார். மிச்சம் மூன்று விக்கெட்டுகளும் 4 ஓட்டங்களுக்குள் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி!

மைதானம் சில கணங்கள் ஸ்தம்பித்தது. பிறகு மக்கள் எழுந்து நின்றார்கள், கை தட்டினார்கள். ஜெயித்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கைதட்டல் அவர்களோடு கூடவே சுற்றி வந்தது. நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அப்படிச் செய்தார்கள். அன்று ஆட்டத்தைத் தோற்ற சென்னைக்கு, அந்தக் கைதட்டலால் கிடைத்த பெயர் எந்த வெற்றியாலும் கிடைத்ததில்லை. டெண்டுல்கர் அந்தப் பந்தை அடித்திருக்கலாமா என்ற விவாதம் பிற்பாடு வீட்டுக்கு வீடு நடந்தது, இன்றும் நடக்கிறது. நடக்கட்டும். அந்த 136 இல்லாவிட்டால் விவாதிக்க எதுவுமே இருந்திராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

மணப்பாறைப் பையனிடம் திரும்பலாம். முறுக்குச் சுடும் வீட்டிலிருந்தோ, மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்திலிருந்தோ வருகிற இப்படிப்பட்ட பையன்களில் பலருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க வழியாக இருந்ததே விளையாட்டுத்தான். விடியற்காலையில் எழுந்து, பஸ் பிடித்து, பயிற்சி முடித்து, வகுப்புக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். ஒரு ஃப்ரீ த்ரோவுக்காக ஊரே பழித்தால் அடுத்த மாதம் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுவான். "விளையாட்டெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பார்கள். கோஷ்டி இழந்தது ஒரு புள்ளி; அவன் இழப்பது அதைப் போலச் சின்னதல்ல.

கூடைப்பந்தை 1891-ல் உண்டாக்கிய நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் சர்வகலாசாலையில் பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். அவர் கோஷ்டி ஜெயித்த ஆட்டங்கள் 55, தோற்றவை 60. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே கணக்கு அப்படி! அதற்காக அவரை யாரும் கான்சாஸிலிருந்து துரத்தவில்லை.

கோபப்படும் ரசிகர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஃப்ரீ த்ரோ பழகுவது தனி ஆளாகச் செய்யக் கஷ்டமான காரியம். நூறு தடவை எறிந்தால் நூறு தடவையும் பந்தைப் பொறுக்கி வர ஓட வேண்டும். பாதி நேரம் அதிலேயே போய்விடும். பலகைக்கு அடியில் நின்று பந்தைத் திருப்பிப் போட ஒரு ஆள் இருந்தால், அதே நேரத்தில் இருநூறு தடவை எறியலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும். அந்தப் பையன் எந்த மைதானத்தில் பழகுகிறான் என்பது பஸ்ஸில் பேசினவர்கள் எல்லோருக்கும் தெரியும்.