வாய்தா என்னும் தண்டனை

தபால்காரர் கொண்டுவரும் காகிதங்களில் இரண்டைக் கண்டுதான் நம் லயங்கள் நடுங்கின. ஒன்று தந்தி. அது 2013இல் நாட்டைவிட்டே போய்விட்டது. மற்றொன்று வக்கீல் நோட்டீஸ். அது போகவில்லை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தேவிகுளம் தாலுகாவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், தோட்டத்தில் அடிக்கும் மருந்து குடிதண்ணீர் ஓடையில் கலக்கிறது என்று பஞ்சாயத்துக்கு மனுக் கொடுக்கிறாள். நாலு பேர் கூடிய இடத்தில் அதையே வாய்விட்டும் சொல்கிறாள். பத்தாம் நாள் எர்ணாகுளத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பதிவுத் தபால் வருகிறது. கம்பெனியின் நற்பெயர் கெட்டுவிட்டதாம். நஷ்டம் ஒரு கோடியாம். பதினைந்து நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் வழக்காம். இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கோடி வசூலாகும் என்று கம்பெனியும் நம்பவில்லை, நோட்டீஸ் எழுதிய வக்கீலும் நம்பவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணமல்ல. அடுத்த கூட்டத்துக்கு அவள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

கிரிமினல் அவதூறு வழக்கென்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரி நேரில் நிற்கவேண்டும் அல்லது விலக்குக் கேட்டு மனுப் போடவேண்டும். போன நாளுக்குச் சம்பளம் இல்லை. பஸ் செலவு, வக்கீல் குமாஸ்தா செலவு தனி. காகிதம் மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில். படித்துச் சொல்ல ஆள் தேடவேண்டும். நான்கு வருஷம் கழித்து அவள் பக்கமே தீர்ப்பு வந்தாலும் என்ன? தண்டனையை வாய்தா வாய்தாவாக அனுபவித்து முடித்தாயிற்று. இதைப் பார்த்த பக்கத்து லயக்காரி வாயைத் திறப்பாளா?

அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தில் பிரிங், கேனன் என்ற இரு ஆசிரியர்கள் 1980களில் இத்தகைய வழக்குகளைத் திரட்டி ஆராய்ந்து இவற்றுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். நாம் வாய்ப்பூட்டு வழக்கு என்போம்.

பிழைக்க வந்தவர்கள்மீது இந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்பதற்குத் தாய்லாந்தைப் பாருங்கள். அங்கே ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்த 14 பர்மியத் தொழிலாளர்கள், வேலை நேரம் பற்றியும் கூலி பற்றியும் 2016இல் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார்கள். அவர்களுக்கு 17 லட்சம் பாட் கொடுக்கவேண்டும் என்று தொழிலாளர் துறை உத்தரவிட்டது. தம்மகாசெட் என்ற அந்தக் கம்பெனியோ தொழிலாளர்கள்மீதே அவதூறு வழக்குப் போட்டது. 2018இல் 14 பேரும் விடுதலையானார்கள். ஆனால் கம்பெனி அதோடு நிற்கவில்லை. அவர்களுக்காகப் பேசியவர்கள், எழுதியவர்கள் மீதெல்லாம் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தது.

தாய்லாந்துதானே என்று சொல்ல வேண்டாம். இந்த நாட்டில் தொழிலாளிமீது பாய்ந்த மிகப் பெரிய வாய்ப்பூட்டு வழக்கு நம் சென்னைப் பட்டணத்தில்தான் நடந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1920இல் பின்னி கம்பெனி ஆலைக் கதவைப் பூட்டியது. பூட்டியதோடு உயர்நீதிமன்றத்துக்கும் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலியோர்மீது நஷ்டஈட்டு வழக்கு. தூண்டக்கூடாதென்று தடை உத்தரவு. சங்கத்தை நடத்துவதே குற்றம்போல் ஆயிற்று. முடிவில் வாடியா சங்கத்தைவிட்டு விலகுவதாக ஒப்புக்கொண்ட பிறகே கம்பெனி வழக்கைக் கைவிட்டது. கேட்ட நஷ்டஈட்டில் காலணாகூட வாங்காமல் வேண்டியதை வாங்கிக்கொண்டது பார்த்தீர்களா?

அந்த அதிர்ச்சியில்தான் 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் வந்தது. தொழில் தகராறை ஒட்டிய இப்படிப்பட்ட செயல்களுக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின்மீதோ அதன் உறுப்பினர்மீதோ சிவில் வழக்குச் செல்லாது என்று அதன் 18ஆம் பிரிவு சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆக, வழக்கை வாசலிலேயே மறிக்கும் சட்டம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடியில் பிறந்த சட்டம் அது.

ஆனால் அந்தக் குடை சிறியது. பதிவு பெற்ற சங்கமாக இருக்கவேண்டும், விஷயம் தொழில் தகராறாக இருக்கவேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கிக் காட்டிய பெண்பிள்ளை ஒருமை, அன்று பதிவு பெற்ற சங்கமே அல்ல. தண்ணீர் கெட்டது என்று பேசும் ஊராருக்கோ தொழில் தகராறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீர் என்றதும் சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடை நினைவுக்கு வருகிறது. 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் ஊராரும் கோக்கோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கம்பெனி அதை எதிர்த்து வழக்காடியது. அதை நான் வாய்ப்பூட்டு என்று சொல்லமாட்டேன். உரிமம் போனவன் கோர்ட்டுக்குப் போவது அவன் உரிமை. ஆனால் 2005இல் சென்னையில் நடந்தது வேறு. சரத் ஹக்சர் என்ற புகைப்படக்காரர், கோக்கோ கோலா விளம்பரம் எழுதிய சுவர், அதன்முன் தண்ணீர் வராத அடிபம்பு, வரிசையாகக் காலிக் குடங்கள் என்று ஒரு படத்தைப் பெரிய பலகையில் வைத்தார். மன்னிப்புக் கேள், இல்லையேல் 20 லட்சம் கொடு என்று கம்பெனி வக்கீலின் நோட்டீஸ் வந்தது. காலிக் குடத்தைக் காட்டியதற்கு விலை 20 லட்சம்! பிளாச்சிமடைக்கு நேர்ந்த சேதம் 216.26 கோடி ரூபாய் என்று கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் கணக்கிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது இதுதான்.

இன்றைய சட்டத்தில் நமக்கு ஒன்றுமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1994இல், அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறு என்று நஷ்டஈடு கேட்க முடியாது என்றது. கம்பெனிக்கு இது பொருந்தாது. விசாரணைக்கு முன்பே வாயடைக்கும் தடை உத்தரவை எளிதில் கொடுக்கக்கூடாது என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில் அதே நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளை எச்சரித்தது. இத்தகைய வழக்குகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் கொடுக்கும் புகார் அவதூறாகாது என்ற விதிவிலக்கு பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, புதிய நியாயச் சட்டத்தின் 356ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆகவே புகாரை மனுவாக எழுதுங்கள், நகல் வையுங்கள். நோட்டீஸ் வந்தால் ஒளித்துவைக்காதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ஆனால் இவையெல்லாம் வழக்கு நடக்கும்போது கிடைக்கும் உதவிகள். நமக்கு வேண்டியது வழக்கு நடக்காமலிருப்பது. கலிபோர்னியாவில் 1992 முதல் அப்படியொரு சட்டம் உண்டு. பொது விஷயத்தில் பேசியதற்காக வழக்கு என்று தெரிந்தால், ஜெயிக்க முகாந்திரம் இருக்கிறது என்று வழக்குப் போட்டவர் ஆரம்பத்திலேயே காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் வழக்குத் தள்ளுபடி. எதிராளியின் வக்கீல் செலவும் அவர் தலையில். பொய் பேசுகிறவன் இதனால் தப்பிவிடமாட்டானா என்று சிலர் கேட்கிறார்கள். அப்பட்டமான பொய்யென்றால் முகாந்திரம் காட்டுவது கம்பெனிக்கு என்ன கஷ்டம்? நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலோ, வீண் வழக்குக்கு 35ஏ பிரிவின்கீழ் கிடைக்கும் ஈட்டுத்தொகை 3,000 ரூபாயைத் தாண்டாது. கம்பெனிக்கு அது ஒரு நாள் காபிச் செலவு.

கேரளச் சட்டசபையே சட்டம் போடட்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மத்தியச் சட்டத்தோடு மோதினால் பிளாச்சிமடை மசோதா போன வழியில் அதுவும் டில்லிக்குப் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு வழி இருக்கிறது, அதிகம் பேசப்படாத வழி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவுப்படி, கோர்ட் நடைமுறை விதிகளை மாநில அரசின் சம்மதத்தோடு உயர்நீதிமன்றமே திருத்தலாம். பிலிப்பைன்ஸ் நாட்டு உச்சநீதிமன்றம் 2010இல் சட்டசபைக்குக் காத்திராமல், சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தன் விதிகளிலேயே வாய்ப்பூட்டு வழக்கைத் தடுக்கும் வழியைச் செய்துகொண்டது. பஞ்சாயத்திடமோ அரசு அதிகாரியிடமோ கிராமசபையிலோ பேசியதற்காக வரும் வழக்கை முதல் வாய்தாவிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும், அதற்குமுன் தடை உத்தரவு கூடாது என்று ஒரு விதி போதும். எர்ணாகுளத்துக்கு எழுதும் மனுவில் நம் சங்கம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். பின்னி வழக்கையும் அதில் சேர்த்து எழுதவேண்டும். அங்கே இருப்பவர்கள் அதை மறந்திருக்கக்கூடும்.