கொழுந்துக்கு ஒரு கணக்கு, தேயிலைக்கு வேறொரு கணக்கா?

பட்டிப்பொல முதல் ஹற்றன் வரை மலைகளிற் பறிக்கப்படும் கொழுந்து எத்தொழிலைச் சார்ந்தது? விவசாயம் என்பீர்கள். அதே கொழுந்து தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, உலர்ந்து தேயிலையானதும் கைத்தொழிலாகி விடுகிறது! தேசிய வருமானக் கணக்கில் பச்சைக் கொழுந்தின் பெறுமதி விவசாயத்திலும், பதனிடுவதால் கூடும் பெறுமதி கைத்தொழிலிலும் ஏறுகின்றன. தொழில் வகைப்பாட்டு அட்டவணை வகுத்த பிரிவினை இது.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நாட்டில் தொழில் புரிவோரில் ஏறக்குறைய நாலிலொருவர் விவசாயத்தில் உழைக்கின்றனர். தேசிய உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ பத்திலொன்றுக்கும் குறைவு. இவ்விரு இலக்கங்களையும் அருகருகே வைத்து, "விவசாயி விளைவிப்பது சொற்பம்" என்று தீர்ப்புக் கூறுவது எளிது. கொழுந்தின்றித் தேயிலைத் தொழிற்சாலை இல்லை என்ற உண்மை அவ்விலக்கங்களில் தெரிவதில்லை.

சட்டமோ வேறு விதமாகப் பேசுகிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தேயிலை பயிரிடுதலும் உற்பத்தி செய்தலும் ஒரே தொழிலாகக் கொள்ளப்பட்டு ஒரே சபையின் கீழ் வருகின்றன. சம்பளத்தை நிர்ணயிக்கும்போது ஒன்று. செல்வத்தை எண்ணும்போது இரண்டு! இது என்ன நியாயம்?

பிரிவினையே தவறென்று நாம் கூறவில்லை. சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கிப் பதனிடும் தொழிற்சாலை பயிர் செய்வதில்லை. அதனை விவசாயமென எழுதுதல் பொருந்தாது. பிற நாடுகளோடு ஒப்பிடவும் பொது அட்டவணை வேண்டும். ஆனால் ஒரு நிறுவனம் பல தொழில் செய்யின், மிகுந்த பெறுமதி சேர்ப்பதே அதன் இனம் என்பது விதி. தேயிலையும் மரக்கறியும் பாற்பண்ணையும் ஹோர்ட்டன் சமவெளிக்கு வரும் பயணிகளால் கிடைக்கும் பிழைப்பும் கலந்துள்ள பட்டிப்பொல போன்ற இடங்களில், அவ்விதி சிறிய தொழில்களை மறைத்துவிடக்கூடும்.

1948இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சர்வதேச அட்டவணையின் ஐந்தாம் திருத்தம் 2023இல் ஏற்கப்பட்டது. நான்காம் திருத்தத்தைத் தழுவிய இலங்கை அட்டவணையும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டியதே. அவ்வேளையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கொழும்பு நிபுணரை மட்டும் கலந்தாலோசித்தல் போதாது. வரைவைத் தமிழில் அச்சிட்டு, நுவரெலியாவிலும் ஹற்றனிலும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். கொழுந்து முதல் ஏற்றுமதி வரை தேயிலையின் முழுப் பெறுமதியையும் ஒருங்கே காட்டும் துணை அட்டவணையொன்றும் வேண்டும்.

கணக்காளரே, ஆசிரியரே, கமக்காரரே! அட்டவணை எழுதப்பட்ட பின் முறையிடுவதிற் பயனில்லை. எழுதப்படுமுன் நம் கோரிக்கை திணைக்களத்தின் மேசைக்குச் செல்லட்டும்.