கண்டன அறிக்கை: டோஜோவுக்கு ஆலயத்தில் இடம், சயாமில் செத்தவர்களுக்குக் கல்லில்கூடப் பெயரில்லை

பத்து காஜா, பேராக்
அக்டோபர் 17



பத்து காஜா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் சங்கத்தினர் நாங்கள். இந்த அறிக்கைக்கு இன்றைய நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1943 அக்டோபர் 17 அன்று, ஜப்பானியப் படையின் சயாம்–பர்மா ரயில் பாதைக்காகச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) போட்டுக்கொண்டு வந்த தண்டவாளமும் பர்மாவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தண்டவாளமும் கொன்கொய்த்தா என்ற காட்டில் ஒன்று சேர்ந்தன. 1978-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 17 அன்று, தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் போர்க்காலப் பிரதமர் ஹிடெக்கி டோஜோ உள்ளிட்ட 14 பேர் வழிபாட்டுக்குரியோர் வரிசையில் சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் 'ஏ' வகுப்புப் போர்க்குற்ற வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள். அந்த ஆலயத்தின் இலையுதிர்காலத் திருவிழாவும் இந்த நாட்களில்தான் வருகிறது. ஆகவே தேதி தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கலாம். எங்களால் மட்டும் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை.

ஆலய வளாகத்திலேயே யூஷூக்கான் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முகப்புக் கூடத்தில் ஒரு நீராவி என்ஜினைத் துடைத்து மெருகேற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சி56 வகை, எண் 31. சயாம்–பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடிய என்ஜின் அதுதான். போருக்குப் பிறகு தாய்லாந்து ரயில்வேயில் உழைத்து, 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பியது. பழைய என்ஜினைப் பாதுகாத்து வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எந்த வாசலில், யாருக்கு மரியாதையாக அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சயாம் காடு எங்கே, பத்து காஜா கித்தாக்காடு எங்கே? இரண்டையும் முடிச்சுப் போட்டது ஓர் ஆட்சியின் அடங்காத மண்ணாசை. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, அந்த மாதக் கடைசிக்குள் ஈப்போவைப் பிடித்தது. நமக்குப் பக்கத்திலுள்ள கம்பார் குன்றுகளில் இந்திய, பிரிட்டிஷ் சிப்பாய்கள் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை மறித்து நின்றார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபது நாளில் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் கோட்டையைப் பிடித்தவர்களுக்கு அதன்பின் எல்லையே தெரியவில்லை. சீனாவில் 1937-இல் தொடங்கிய போரையே முடிக்க முடியாமல் இருந்தவர்கள், பசிபிக் தீவுகள், நியூ கினி, பர்மா என்று படையைச் சிதறடித்தார்கள். 1942 ஜூனில் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கிகளின் பயம். கடலில் அனுப்ப முடியாததைக் காட்டு வழியே அனுப்ப 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேண்டும் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் தோக்கியோவில் இருந்தார்கள். மண் சுமக்கும் கூடை எங்கள் வீட்டு ஆட்களின் தலையில் ஏறியது.

டோஜோவைச் சர்வாதிகாரி என்று சொல்வதா, மேலே பேரரசர் இருந்தாரே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பிரதமர் அவர், போர் அமைச்சரும் அவர், 1944 பிப்ரவரியிலிருந்து ராணுவத் தலைமைத் தளபதியும் அவரே. மூன்று நாற்காலியில் ஒரே ஆள். இதற்கு வேறென்ன பெயர் வைப்பது என்று வாதிடுகிறவர்களே சொல்லட்டும்.

தோட்டத்தில் அப்போது என்ன நிலைமை? உலக ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலாயாவில் விளைந்தது. வாங்கியவர்கள் அமெரிக்காவும் பிரிட்டனும். போர் வந்ததும் வாங்க ஆளில்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், பால் வெட்டு நின்றது, பெரட்டுக்குப் பேர் கொடுத்தாலும் வேலையில்லை. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தாக வேண்டிய நாடு இது; வரத்து சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கு, கோணிச் சாக்குத் துணி, வாழைமரப் படம் போட்ட நோட்டு. அந்த நோட்டுக்கும் நாளாக ஆக மதிப்பில்லாமல் போனது. வயிறு காய்ந்திருந்த அந்த நேரம் பார்த்துத்தான் ஆள் சேர்க்க வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சோறும் மருந்தும் இலவசம் என்றார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராததால் மற்றவர்கள் தயங்கினார்கள். அதன்பின் லாரி வந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி ஏற்றிய கதைகளும் இருக்கின்றன. கிராணியும் கங்காணியும் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. நம்மவர்களே எழுதினார்கள் என்பதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. எழுதாதவனுக்கு என்ன நடந்திருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மூடிய சரக்கு வண்டியில் வடக்கே சயாமின் பான் போங் வரை. அங்கிருந்து மழையில், சேற்றில், நாள் கணக்கில் நடை. 1943 பிப்ரவரியில் பாதையை முடிக்கும் கெடுவைத் தோக்கியோ சில மாதங்கள் முன்னுக்குத் தள்ளியது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. அதே வேலையில் இருந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்காவது கூடவே பிடிபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வை என்று அதட்டிச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். பெண்டு பிள்ளையோடு போன தோட்டத்து ஆட்களுக்கு அதுவும் இல்லை. மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 70,000-க்கும் மேல், பெரும்பான்மையோர் தமிழர். கைதிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12,000. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு உண்டு. மதிப்பீடுதான். ஜப்பானியர் தந்த எண் ஒன்று, பிரிட்டிஷார் போட்ட எண் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மனிதர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள். நம்மவர்களில் ஒருவருக்கும் அப்படித் தனிக் கல் கிடையாது.

டோஜோவுக்கு இதெல்லாம் தெரியாது என்பாரும் உண்டு. தெரியும். பாதை வேலைக்குப் போர்க் கைதிகளைப் பயன்படுத்தும் யோசனைக்கு அவரே பொறுப்பு என்றும், அவர்கள் படும் பாடு காதுக்கு எட்டியபின் ஓர் அதிகாரியை அனுப்பிப் பார்த்தார் என்றும், அதன் விளைவாக நடந்தது ஒரே ஒரு கம்பெனித் தளபதி மீது விசாரணை மட்டும்தான் என்றும் 1948 நவம்பரில் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவ்வளவு உயிரை விழுங்கிய பாதை யாருக்குப் பயன்பட்டது? 1944-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் புகுந்து இம்பாலைப் பிடிக்கத் தளபதி முத்தாகுச்சி போட்ட திட்டத்தைத் தோக்கியோவில் ஒப்புதலுக்குக் கொண்டுபோனபோது, டோஜோ குளித்துக்கொண்டிருந்தார் என்றும், குளியலறையிலிருந்தபடியே நாலைந்து கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதித்தார் என்றும் போர் வரலாற்று நூல்களில் படிக்கிறோம். மூன்று வாரச் சாப்பாட்டை மட்டும் தூக்கிக்கொண்டு சுமார் 85,000 பேர் மலையேறினார்கள். மீதிக்கு மாடுகளை ஓட்டிப்போய் வழியில் அறுத்துச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு. மாடுகளில் பெரும்பகுதி சிந்த்வின் ஆற்றையும் மலையையும் தாண்டவில்லை. ஏறத்தாழ 30,000 ஜப்பானியச் சிப்பாய்கள் செத்தார்கள், குண்டடி பட்டதைவிடப் பசியாலும் நோயாலும் அதிகம் பேர். ஜூலையில் படை திரும்பியது. சைப்பான் தீவும் போய்விட, 18-ஆம் தேதி டோஜோ பதவி விலகினார். தன் நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கே சோறு போடாமல் அனுப்பியவர், கித்தா வெட்டுகிறவனையா நினைத்துப் பார்த்திருப்பார்?

இந்த இடத்தில் எங்கள் ஆட்களிடமே ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். 1943 ஜூலையில் சிங்கப்பூர் திடலில் நேதாஜியோடு நின்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டவர் இதே டோஜோ. அந்த ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டப்புறத்திலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். அவர்கள் போனது இந்தியாவின் விடுதலைக்கு. ஆனால் அந்தப் பாசத்தில் டோஜோவையும் சேர்த்து 'ஆசியாவை எழுப்பியவர்' என்று மேடையில் பேசுகிறவர்களை, பேசுவது யாராக இருந்தாலும், கண்டிக்கிறோம். அணிவகுப்பு நடந்த அதே மாதங்களில்தான் சயாம் காட்டில் வாந்திபேதிப் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தன. தோக்கியோ நீதிமன்றத்தின் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் எல்லாரையும் குற்றமற்றவர் என்று எழுதினாரே என்பார்கள். ஆக்கிரமிப்புப் போரைக் குற்றமாக்கும் சட்டம் அன்று இருந்ததா என்பது அவர் எழுப்பிய கேள்வி. கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு வெளியேயும் அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது. பப்பான் கடைத்தெருவில் கிளினிக் நடத்திக்கொண்டு, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடியவர்களுக்கு மருந்து கொடுத்த சிபில் கார்த்திகேசு 1943-இல் பிடிபட்டார். அவர் வாயைத் திறக்கவைக்கச் சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனையோடு அவரை அடைத்தது நம் பத்து காஜா சிறையில்தான். விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. 1948-இல் பிரிட்டனில் இறந்தார்.

யாசுகுனியில் சாதாரணச் சிப்பாய்க்காகக் கைகூப்பும் ஜப்பானியத் தாய்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பேரரசர் ஹிரோஹித்தோ 1975-க்குப் பிறகு அங்கே காலடி வைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் போகவில்லை. அப்படியிருந்தும் பிரதமர் கொய்சுமி 2001 முதல் 2006 வரை ஆண்டுதோறும் போனார். பிரதமர் அபே 2013 டிசம்பரில் போனார். பதவியில் இருப்பவர்கள் அங்கே போவதையும் காணிக்கை அனுப்புவதையும் கண்டிக்கிறோம். 

ஜப்பான் அரசிடம் எங்கள் கோரிக்கை: சயாம் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர் பற்றிக் கைவசமுள்ள ஆவணங்கள் அனைத்தையும் திறந்து காட்ட வேண்டும். அருங்காட்சியகத்தாரிடம்: அந்த என்ஜினுக்கு முன்னால், அது ஓடிய பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். 1967 செப்டம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஜப்பான் 294 கோடி யென் மதிப்புக்குப் பொருளும் சேவையும் கொடுத்து, கணக்கு தீர்ந்தது என்று நம் அரசாங்கமும் கையெழுத்திட்டது. அதில் ஒரு காசுகூடச் சயாமுக்குப் போனவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை என்பதை நம் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

எங்கள் பங்குக்கு ஒரு பதிவேடு திறக்கிறோம். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், பப்பான், கம்பார் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா; இவ்வளவு போதும். பெயர் மறந்துபோயிருந்தால் 'இன்னாரின் பெரியப்பா', 'இன்னாரின் சித்தி' என்று வந்து சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வோம். தோட்டம் துண்டாடப்பட்டுப் பெயரே மாறிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பழைய பெயரையே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்
பத்து காஜா