மாநிலப் போட்டி யாருக்காக? – ஒரு பி.காம். கணக்கு

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம்ம மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாநிலப் போட்டியை எந்த ஊரில், எந்தத் தேதியில் வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள், ஆடப்போகிற பிள்ளை எங்கிருந்து கிளம்பி வரவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. இது என் குற்றச்சாட்டு. கோபமாகத்தான் எழுதுகிறேன், தெரிந்தேதான்.

முதலமைச்சர் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். 2023-ல் மாநில இறுதிப் போட்டிகள் ஜூலையில் சென்னையில் நடந்தன. 2024-ல் சென்னையோடு மதுரை, திருச்சி, கோவை என்று பிரித்தார்கள். தேதி அக்டோபர் 4 முதல் 24 வரை. 2025-ல் அக்டோபர் 2 முதல் 14 வரை, தொடக்க விழா சென்னை நேரு ஸ்டேடியத்தில். பரிசு சும்மா இல்லை. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். குழு ஆட்டத்தில் ஜெயித்தால் ஆளுக்கு 75,000. கையில் கிடைக்கிற சான்றிதழ் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கு உதவும். அந்த ஏணியிலேயே தொடர்ந்து ஏறினால் உச்சியில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதனால் "சின்னப் பசங்க விளையாட்டு, எங்கே வைத்தால் என்ன" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறுகிற சமாச்சாரம் இது.

இப்போது அந்த அக்டோபர் தேதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024-ல் காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தது அக்டோபர் 7. போட்டி தொடங்கியது 4. 2025-ல் பள்ளி திறந்தது அக்டோபர் 6. போட்டி தொடங்கியது 2. ரெண்டு வருஷமும் லீவிலேயே ஆரம்பம். "லீவில் வைத்தால் பாடம் கெடாது, நல்லதுதானே" என்பீர்கள். டவுனில் இருக்கிற பிள்ளைக்கு நல்லதுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போய் பிராக்டீஸ் பண்ணும். பி.இ.டி. சார் ஒரு போன் போட்டால் அரை மணியில் மொத்த டீமும் வந்து நிற்கும்.

கல்வராயன் மலையில் கதை வேறு. அங்கே படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஹாஸ்டலில். லீவு விட்டால் ஹாஸ்டல் காலி. ஒருத்தன் சேராப்பட்டுப் பக்கம், ஒருத்தன் இன்னாடு பக்கம், இன்னொருத்தன் பஸ்ஸே போகாத ஒரு குக்கிராமத்தில் அப்பா அம்மாவோடு காட்டு வேலையில் இருப்பான். போன் போடலாம் என்றால் பல இடங்களில் டவர் கிடைக்காது. மேட்டில் ஏறி நின்று, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, இந்த மரத்தடியில் ரெண்டு கோடு என்று தேடவேண்டும். கபடிக்கு ஏழு பேர் ஆட, அஞ்சு பேர் வெளியே உட்கார, பன்னிரண்டு பிள்ளைகளை அந்த வாத்தியார் எப்படித் திரட்டுவார்? மாவட்ட அளவில் ஜெயித்த டீம், மாநிலப் போட்டிக்கு முந்தின ஒரு வாரம் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி செய்யக்கூட வழியில்லை. யாரும் சதி செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தேதி போட்டவர் மனசில் ஹாஸ்டல் பிள்ளை என்று ஒரு ஜென்மம் இல்லவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, லீவை விடுங்கள். மழை? அக்டோபர் நடுவில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். 2024 அக்டோபர் 15-ம் தேதி மழைக்காக சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்திலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மறுநாளைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திய படத்தை எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். அந்தத் தேதி போட்டி அட்டவணைக்குச் சரியாக நட்டநடுவில் விழுகிறது! சென்னைப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்று அரசே சொல்கிற வாரத்தில், வெளி மாவட்டத்துப் பிள்ளையைச் சென்னைக்கு வரச்சொல்லி அட்டவணை. என்னங்க நியாயம் இது?

அடுத்தது ஊர். எங்கள் பி.காம். சிலபஸில் 'போக்குவரத்துக் கணக்கு' என்று ஒன்று உண்டு. நாலு குடோனிலிருந்து அஞ்சு ஊருக்குச் சரக்கு அனுப்பவேண்டும், மொத்தச் செலவு குறைவாக வரவேண்டும், எப்படி அனுப்புவாய்? மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், மூன்றுக்கும் பத்து பத்து மார்க். (போன செமஸ்டரில் எனக்கு அது நன்றாகவே வந்தது, சும்மா சொல்லிவைக்கிறேன்.) சிமெண்ட் மூட்டைக்குக் காட்டுகிற இந்த அக்கறையைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன?

மொத்தம் 38 மாவட்டம். சென்னை எங்கே இருக்கிறது? மேப்பில் வடகிழக்கு மூலையில். நாகர்கோவில் பிள்ளைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கோவை மேற்கு ஓரம். இப்போது உளுந்தூர்பேட்டையைப் பாருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து அதைவிடக் குறைவு. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம். ரயிலில் வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே விருத்தாசலம் ஜங்ஷன். தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சென்னைப் பயணத்தில் 200 கிலோமீட்டர் மிச்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற சென்னைவாசிகள் அத்தனை பேரும் அந்த டோல்கேட்டில் நின்று எங்கள் மாவட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் உள்ளே வந்ததில்லை.

"பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, டி-ஷர்ட் எல்லாம் அரசு பார்த்துக்கொள்கிறதே, உனக்கென்ன?" என்று கேட்கலாம். மாநில அளவில் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அரசு கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு என்று ஒன்று இருக்கிறது. மகளை மலையிலிருந்து இறக்கி கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து விட்டு, திரும்ப வந்து கூட்டிப்போக ஒரு அப்பாவுக்கு ரெண்டு நாள் கூலி போகும். கூடப் போகிற ஆசிரியரின் வகுப்புகள் நாலு நாள் நடக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, பெண் பிள்ளை. பக்கத்து ஊரில் ஒரு நாள் ஆட்டம் என்றால் அனுப்புகிற வீட்டில், நாலு ராத்திரி சென்னை என்றால் பாட்டியிலிருந்து பெரியப்பா வரை எல்லோரும் பேச ஆரம்பிப்பார்கள். "போதும், பேரு வாங்கினது போதும்" என்று முடியும். தோற்றுப்போகாமலேயே போட்டியிலிருந்து வெளியேறுகிற பெண்கள் இவர்கள். எந்த ஸ்கோர் ஷீட்டிலும் இவர்கள் பெயர் வராது. அவர்கள் அப்படி நினைப்பது தப்புதான். ஆனால் ஒரு ராத்திரியா, நாலு ராத்திரியா என்பது அட்டவணை போடுகிறவர் கையில் இருக்கிறது. பாட்டியைத் திருத்துவதைவிட அது சுலபம்.

நாக்-அவுட் என்பது இன்னொரு கூத்து. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது வாலிபால் டீமோடு ஒரு மண்டலப் போட்டிக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். எட்டு மணிக்கு மேட்ச் என்றார்கள். நாங்கள் விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மேட்ச் தொடங்கியது பதினொன்றரைக்கு. அதற்குள் கொண்டுபோன இட்லி தீர்ந்து, வெயிலில் காய்ந்து, ரெண்டு செட்டில் தோற்று, பன்னிரண்டு மணிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தோம். எதிர் டீம் அந்த ஊர்ப் பள்ளி, பத்தரைக்கு வந்து இறங்கினார்கள். எங்களை விட நன்றாக ஆடினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை தூரம் கூட்டிப்போன பிள்ளைகளுக்குக் குறைந்தது ரெண்டு மேட்சாவது கொடுக்கிற மாதிரி லீக் முறை வைத்தால் குடியா முழுகிவிடும்?

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஃபுட்பால் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது) பெரிய திருவிழா. அங்கே பிளே-ஆஃப் சுற்றுகளில் ரெண்டு பள்ளிப் பயிற்சியாளர்களும் பேசி, ரெண்டு ஊருக்கும் இடைப்பட்ட ஒரு மைதானத்தை முடிவு செய்வார்கள். ஒத்துவரவில்லையா, காசு சுண்டிப் பார்ப்பார்கள். கடைசி ஃபைனல்கள்தான் ஆர்லிங்டனில் இருக்கிற பெரிய ஸ்டேடியத்துக்குப் போகும். நமக்கு அந்த ஸ்டேடியம் வேண்டாம். "நடுவில் ஒரு ஊர் பார்ப்போம்" என்கிற அந்தப் பேச்சு வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன், சந்தோஷ் டிராபியைப் பாருங்கள். 2022-ல் ஃபைனல் மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில் நடந்தது. மாநகரம் இல்லை, ஒரு டவுன். கேரளா – பெங்கால் மேட்சுக்கு நிற்க இடமில்லாத கூட்டம், பெனால்டியில் கேரளா ஜெயித்தது. அடுத்த வருஷம் செமி ஃபைனலையும் ஃபைனலையும் சவுதியில் ரியாத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேடியம் பெரிசு, சீட்டெல்லாம் காலி. 2024-ல் கடைசிச் சுற்று அருணாச்சலப் பிரதேசத்தில் யூபியாவில் நடந்தது. மலைநாட்டில், இந்தியாவின் கடைக்கோடியில், தேசியப் போட்டியின் ஃபைனல்! அங்கே முடிந்தது கள்ளக்குறிச்சியில் முடியாதா?

"வசதி இல்லையே தம்பி" என்பது அடுத்த பதில். எதற்கு வசதி இல்லை? நீச்சலுக்குக் குளம் வேண்டும், ஸ்குவாஷுக்கு கோர்ட் வேண்டும், தடகளத்துக்கு சிந்தெடிக் டிராக் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அவை பெரிய ஊரிலேயே இருக்கட்டும். கபடி மேட்டைச் சுருட்டி லாரியில் ஏற்றலாமே? வாலிபாலுக்கு ரெண்டு கம்பமும் ஒரு வலையும். சிலம்பத்துக்குத் தரை போதும். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவை விட்டு நகர்ந்தபோது, மார்ச்சில் வாய்ப்பை வாங்கி ஜூலை 29-ல் மாமல்லபுரத்தில் ஆட்டங்களைத் தொடங்கிக் காட்டிய அரசாங்கம் இது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. நாலே மாசம்! உலகத்தையே மாமல்லபுரத்துக்குக் கூட்டிவரத் தெரிந்தவர்களுக்கு 38 மாவட்டத்தை உளுந்தூர்பேட்டைக்குக் கூட்டிவரத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

அதுவுமில்லாமல் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் போட்டி நடத்தச் சொல்லித்தரவேண்டுமா? பொங்கல் வந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டி. நோட்டீஸ் அடித்து, சவுக்குக் கம்பில் கேலரி கட்டி, விடிய விடிய மைக்கில் கத்தி, வெளியூர் டீமுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் கொடுத்து அனுப்புகிறார்கள் ஊர்ப் பசங்க. அரசாங்கத்துப் பணம் ஒரு பைசா இல்லாமல். கூட்டம் வேண்டுமா, இங்கே வாருங்கள். சென்னையில் பள்ளி கபடி ஃபைனலைப் பார்க்க வருகிறவர்கள் யார்? அடுத்த மேட்ச் ஆடப்போகிற டீம், வாலண்டியர்கள், விருந்தினர்கள். அவ்வளவுதான்.

மலைப் பிள்ளை சென்னையைப் பார்க்கட்டும், கடலைப் பார்க்கட்டும், நேரு ஸ்டேடியம் விளக்கு வெளிச்சத்தில் நிற்பது அவன் கனவு என்று உருகுகிற நண்பர்களும் உண்டு. (ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரனே இந்தக் கட்சி.) நல்ல எண்ணம்தான். கடலைக் காட்டவேண்டும் என்றால் சுற்றுலா கூட்டிப்போங்கள், சந்தோஷமாக வருவான். ஃபைனல் ஆடுகிறவனுக்கு முந்தின ராத்திரி நல்ல தூக்கமும், கூவிக் கத்த நாலு சொந்தக்காரனும் வேண்டும்.

இன்னொரு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019 நவம்பரில்தான் நாங்கள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். அதற்குப் பிறகு வெளியே எங்கே போய் "கள்ளக்குறிச்சி" என்றாலும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டு. 2022-ல் கனியாமூர். 2024 ஜூனில் கருணாபுரம், 60-க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்தில் போனது. அதற்கப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை பற்றி வழக்கெடுத்தது, மலையில் ரோடு இல்லை என்கிற பேச்சே கோர்ட் வரைக்கும் போனது. சாவு விழுந்தால்தான் கேமரா மேலே ஏறும் என்கிற நிலைமை. ஒரே ஒரு தடவை ஒரு மாநில ஃபைனலுக்காக அந்தக் கேமராக்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக் கல்வித் துறை தன் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளின் மாநிலச் சுற்றை மாவட்டம் மாற்றி மாவட்டம் நடத்துகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே மாதிரி முதலமைச்சர் கோப்பையிலும் கபடி, வாலிபால், சிலம்பம், கோ-கோவை மாநகராட்சி இல்லாத மாவட்டங்களுக்குச் சுழற்சியில் கொடுங்கள். தேதியை ஜூலைக்குக் கொண்டுபோங்கள், 2023-ல் செய்தீர்களே. ஹாஸ்டல் திறந்திருக்கும், சென்னையிலும் வெள்ளம் வராது, பிளஸ் டூ பிள்ளைக்குப் பரீட்சை தூரத்தில் இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தேதியும் ஊரும் தெரியட்டும்.

வெள்ளிமலையில் மாநில ஃபைனல் வை என்று நான் கேட்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் பேராசை இல்லை. ஆனால் மாவட்ட அளவிலான கபடியை ஒரே ஒரு வருஷம் மேலே வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட்டிங் என்று சுற்றறிக்கையில் போடுங்கள். டவுன் பள்ளிக்காரர்கள் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்து மலையேறி வரட்டும்.